கேக் மிக்ஸ் பாக்கெட்டைத் திருப்பிப் படிப்போம்: எண்கள், சாயங்கள், நம் மலைக்காற்று

குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் வீட்டிலேயே கேக் செய்பவர்கள் இப்போது நிறையப் பேர். சிலர் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு மட்டும் செய்கிறார்கள், சிலர் ஆர்டர் எடுத்து விற்கிறார்கள். மைதா சலித்து, சர்க்கரை பொடித்து, எல்லாவற்றையும் அளந்து தொடங்க நேரமில்லாத நாளில் கை போவது கேக் மிக்ஸ் பாக்கெட்டுக்குத்தான். கூடவே ஒரு பயமும் வந்துவிடுகிறது. பாக்கெட்டின் பின்னால் ஐஎன்எஸ் 500, ஐஎன்எஸ் 471, ஐஎன்எஸ் 102 என்று வரிசையாக எண்கள். "எல்லாம் கெமிக்கல், புற்றுநோய் வரும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. "கவர்மென்ட்டே அனுமதிச்சிருக்கு, அப்புறம் என்ன பயம்?" என்று இன்னொருவர் பதில் போடுகிறார். பாக்கெட்டில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை இரண்டு பேருமே படிக்கவில்லை.

படிப்பதற்கு வேதியியல் பட்டம் வேண்டாம். ஒவ்வொரு பொருளைப் பற்றியும் ஒரே கேள்வி கேட்டால் போதும்: இது கேக்குக்குள் என்ன வேலை செய்கிறது? இதை எடுத்துவிட்டால் கேக்குக்கு என்ன ஆகும்? இப்படிக் கேட்டுக்கொண்டே போனால், பயப்பட வேண்டாத பல பொருள்களுக்கு நாம் பயப்படுவதும், யோசித்துப் பார்க்க வேண்டிய ஒன்றிரண்டைக் கவனிக்காமல் விடுவதும் தெரியவரும்.

அந்த எண் எதற்கு?

ஐஎன்எஸ் என்பது உணவில் சேர்க்கும் துணைப்பொருள்களுக்கு உலக அளவில் கொடுக்கப்பட்டிருக்கும் எண் வரிசை. கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவுத் தர அமைப்பு இதைப் பராமரிக்கிறது. ஐரோப்பியப் பாக்கெட்டுகளில் இதே எண்ணுக்கு முன்னால் 'ஈ' என்ற எழுத்து இருக்கும். துணைப்பொருள் என்றால் தனியாகச் சாப்பிடாத, ஏதோ ஒரு வேலைக்காகக் கொஞ்சமாகச் சேர்க்கிற பொருள்.

எண் இருந்தாலே விஷம் என்று அர்த்தமில்லை. சமையல் சோடாவின் எண் 500. மஞ்சள் கிழங்கின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான குர்குமினுக்கு எண் 100. வைட்டமின் சி-க்கு எண் 300. ஊட்டி கேரட்டுக்கு அந்த நிறத்தைக் கொடுக்கும் பீட்டா கரோட்டினுக்கு எண் 160ஏ. இயற்கைப் பொருளோ தொழிற்சாலைப் பொருளோ, பட்டியலில் சேர்ந்தால் எண் கிடைக்கும். அதனால் எண்ணைப் பார்த்துப் பயப்படுவதை விட்டு, எந்த எண் என்று பாருங்கள்.

தொடக்கத்துக்கு இந்த அளவு தெரிந்தால் போதும்: 100 முதல் 199 வரை நிறங்கள், 200-களில் பெரும்பாலும் கெடாமல் காப்பவை, 400-களில் பெரும்பாலும் கெட்டியாக்குபவையும் கலவையைப் பிரியாமல் பிடித்து வைப்பவையும். சில எண்கள் இந்த வரிசைக்கு அடங்காது. நிறத்துக்கான நூறுகள் மட்டும் ஒழுங்காக இருக்கும், நமக்கு அதுதான் முக்கியம்.

பட்டியலில் முதலில் வருவதை முதலில் பாருங்கள்

பாக்கெட்டில் பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுத வேண்டும் என்பது நம் நாட்டு விதி. கேக் மிக்ஸில் முதல் இரண்டு இடங்கள் சர்க்கரைக்கும் மைதாவுக்கும்தான். சிலவற்றில் சர்க்கரையே முதலில் நிற்கும். எண்களைப் பார்த்துப் பதறுகிறவர்கள் இந்த இரண்டையும் ஒரு விநாடியில் தாண்டிவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். ஒரு துண்டு கேக்கில் துணைப்பொருள்கள் எல்லாம் சேர்ந்து ஓரிரு கிராம் இருந்தாலே அதிகம், சர்க்கரையோ ஸ்பூன் கணக்கில் இருக்கிறது. குழந்தைக்கு வாரம் எத்தனை முறை கேக் கொடுக்கலாம் என்பதை முடிவு செய்ய வேண்டியது பெரும்பாலும் அந்த முதல் வரிதான்.

அடுத்தது கொழுப்பு. 'தாவரக் கொழுப்பு' என்று எழுதியிருந்தால் அது வெறும் எண்ணெயா, கெட்டியாக்கப்பட்ட வனஸ்பதி வகையா என்று பாருங்கள். எண்ணெயை ஹைட்ரஜன் சேர்த்துக் கெட்டியாக்கும்போது டிரான்ஸ் கொழுப்பு உண்டாகலாம். இதயத்துக்கு இது கெடுதல் என்பதில் விஞ்ஞானிகளுக்குள் சண்டையே இல்லை. எண்ணெய், கொழுப்பு வகைகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2022 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. ஊட்டச்சத்து அட்டவணையில் அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

கேக் உப்புவது எப்படி? மலையில் ஏன் அமுங்குகிறது?

நம் ஊரில் மிக்ஸைப் பற்றி வரும் புகாரில் பாதி இதுதான். "அடுப்புக்குள்ள நல்லா எழும்பி வந்துச்சு, வெளிய எடுத்ததும் நடுவுல குழி விழுந்துடுச்சு. மிக்ஸ்ல ஏதோ கலப்படம்." கலப்படம் எதுவும் இல்லாமலே இது நடக்கும். காரணம் உயரம்.

மிக்ஸில் உப்ப வைக்கும் வேலையைச் செய்வது ஒரு ஜோடி. ஒன்று சமையல் சோடா, அதாவது 500. இன்னொன்று பொடி வடிவிலிருக்கும் ஓர் அமில உப்பு. 450 அல்லது 341 என்ற எண்ணில் அதைப் பார்க்கலாம். இரண்டும் உலர்ந்திருக்கும்வரை சும்மா இருக்கும். தண்ணீர் பட்டதும் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு வாயுவை வெளிவிடும். 341-இல் ஒரு வகை, மாவு நனைந்த உடனேயே வேலையைத் தொடங்கிவிடும். 450-இல் ஒரு வகை அடுப்புச் சூடு ஏறும்வரை பொறுத்திருக்கும். கலக்கும்போது ஒரு முறை, வேகும்போது ஒரு முறை என வாயு வர வேண்டும் என்பதற்காகத்தான் பல மிக்ஸ்களில் இரண்டையும் சேர்க்கிறார்கள். இந்த எண்களை எடுத்துவிட்டால் கேக் தட்டையான அடையாகிவிடும்.

சரி, உயரத்துக்கு வருவோம். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் வந்து சேர்வதற்குள் பலூன் மாதிரி உப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருக்கும் காற்று அதே அளவுதான், வெளியிலிருந்து அழுத்தும் காற்று குறைந்துவிட்டது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். ஆகவே சமவெளிக்குக் கணக்குப் போட்டு வைத்த அதே சோடா, அதே வாயு, இங்கே மாவுக்குள் கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடுதலாக விரிகிறது. குமிழ்களின் சுவர் அந்த வேகத்துக்கு மெலிந்துபோகிறது. சுவர் வெந்து இறுகுவதற்குள் குமிழ் உடைந்தால் நடுவில் குழிதான்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. கடல்மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர் ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். நம் வீடுகளில் குக்கர் இல்லாமல் பருப்பு வேக நேரமாவதும் இதனால்தான். மாவிலிருக்கும் ஈரம் சீக்கிரம் ஆவியாகிப் போவதால் மிச்சமிருக்கும் ஈரத்தில் சர்க்கரையின் அடர்த்தி கூடுகிறது. சர்க்கரை கூடினால் மாவு இறுகத் தாமதமாகும், அதுவும் கேக்கைப் பலவீனமாக்கும்.

மிக்ஸில் ஏற்கெனவே கலந்துவிட்ட சோடாவை நாம் பிரித்து எடுக்க முடியாது. அதனால் மற்றவற்றைச் சரிசெய்ய வேண்டும். ஊட்டி உயரத்தில் அரைக் கிலோ மிக்ஸுக்கு ஒன்றிரண்டு மேசைக்கரண்டி மைதா கூடுதலாகச் சேருங்கள், தண்ணீரோ பாலோ இரண்டு மூன்று மேசைக்கரண்டி கூட்டுங்கள், அடுப்புச் சூட்டை 10 டிகிரி போல உயர்த்துங்கள், டின்னைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். குன்னூர் ஊட்டியைவிடத் தாழ்வு, அங்கே இதைவிடக் கொஞ்சம் குறைவாகப் போதும். அமெரிக்காவில் பல மிக்ஸ் பாக்கெட்டுகளில் 3,500 அடிக்கு மேல் வசிப்பவர்களுக்கென்று தனிக் குறிப்பே அச்சடித்திருப்பார்கள்.

இதற்கு நேர் எதிரான பிரச்சினையும் நம்மிடம் உண்டு. மழைக்காலத்தில் பிரித்து வைத்த பாக்கெட் மூடுபனி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். கூடலூர் பக்கம் ஜூன், ஜூலையில், கோத்தகிரி, குன்னூர் பக்கம் அக்டோபர், நவம்பரில் இது சர்வ சாதாரணம். ஈரம் பட்டதும் சோடாவும் அமிலமும் பாக்கெட்டுக்குள்ளேயே மெதுவாக வேலையை முடித்துவிடும். அப்புறம் எந்த அடுப்பில் வைத்தாலும் கேக் எழும்பாது. பிரித்ததைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள்.

ஆகக் கூடி, 500, 450, 341 மூன்றும் கேக்கை எழுப்பும் எண்கள். மலையில் கேக் அமுங்கினால் அவற்றின் அளவும் நம் காற்றழுத்தமும் ஒத்துப்போகவில்லை என்றுதான் அர்த்தம்.

471-உம் அதன் உறவினர்களும்

பேக்கரிக்காரர்கள் 'கேக் ஜெல்' என்று வாங்குவதில் முக்கியமான பொருள் 471. இது ஓர் எமல்சிஃபையர். சேராத எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்து, அடிக்கும்போது புகும் காற்றைப் பொடிப்பொடிக் குமிழ்களாக நிறுத்தி வைக்கும். முட்டையின் மஞ்சள் கருவில் லெசித்தின் என்ற பொருள் இதே வேலையைத்தான் செய்கிறது. சோயாவிலிருந்தும் எடுக்கும் லெசித்தினுக்கு எண் 322. கடைகளில் கிடைக்கும் மிக்ஸ்களில் பல முட்டையில்லாதவை என்பதால் அந்த வேலைக்கு ஒரு மாற்று ஆள் தேவைப்படுகிறது. 415, 412 போன்ற கோந்து வகைகள் ஈரத்தைப் பிடித்து வைக்கும். 412 என்பது கொத்தவரை இனத்து விதையிலிருந்து எடுப்பதுதான்.

வெனிலா வாசனையை அதிகம் நீட்ட வேண்டியதில்லை. பெரும்பாலும் அது தொழிற்சாலையில் செய்த வெனிலின். வெனிலாக் காயில் இருக்கும் முக்கிய வாசனை மூலக்கூறும் அதுவே. காயில் வேறு பல வாசனைகளும் கூட இருப்பதால் சுவை வேறுபடும், அவ்வளவுதான்.

இப்போது நிறம்

இதுவரை பார்த்த ஒவ்வொன்றையும் எடுத்தால் கேக் ஏதோ ஒரு வகையில் கெட்டுப்போகும். நிறத்தை எடுத்தால் எதுவும் ஆகாது. அதே மென்மை, அதே ருசி, அதே ஆயுள். கண்ணுக்காக மட்டும் சேர்க்கப்படும் ஒரே பொருள் அதுதான். அதனால்தான் நிறத்தை மட்டும் தனியாக நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும் என்கிறேன்.

வெனிலா மிக்ஸில் மஞ்சள் எதற்கு? முட்டை போட்ட கேக் இளமஞ்சளாக இருந்து நம் கண் பழகிவிட்டது. முட்டையில்லாத மிக்ஸ் வெளிறித் தெரியும் என்று மஞ்சளைச் சேர்க்கிறார்கள். சாக்லேட் மிக்ஸில் கோகோ குறைவாக இருந்தால் 150 என்று தொடங்கும் கேரமல் நிறம் அந்தக் குறையை மறைக்கும். ரெட் வெல்வெட் மிக்ஸ் பொடியாக இருக்கும்போது மங்கலாகத்தான் தெரியும், தண்ணீர் ஊற்றியதும் 'பளிச்'சென்று சிவக்கும். உலர்ந்த நிலையில் ஒட்டிக் கிடந்த சாயத்துகள்கள் கரைந்து பரவுவதால் வரும் மாற்றம் அது.

"இயற்கை நிறத்தையே போடலாமே?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. பதில் நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. ஆரத்தி எடுக்க மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவப்பாகிறது அல்லவா? யாரும் சிவப்புச் சாயம் போடவில்லை. மஞ்சளில் இருக்கும் குர்குமின், சுண்ணாம்பின் காரத்தன்மை பட்டதும் நிறம் மாறிவிடுகிறது. காரத்தன்மை என்பது புளிப்புக்கு எதிர்ப்பக்கம். சமையல் சோடாவுக்கும் அது உண்டு. மஞ்சள் போட்ட மாவில் சோடா சரியாகக் கலக்காவிட்டால் அங்கங்கே செம்புள்ளி விழுவது இதனால்தான்.

தாவர நிறங்கள் பலவும் இப்படி மென்மையானவை. நம் தோட்டத்துப் பீட்ரூட்டைச் சாறெடுத்து மாவில் ஊற்றினால் மாவு அழகான இளஞ்சிவப்பாகத் தெரியும். முக்கால் மணி நேரம் அடுப்பில் இருந்துவிட்டு வரும்போது பழுப்பாகிவிடும். பீட்ரூட்டின் நிறம் சூட்டையும் தாங்காது, சோடாவின் காரத்தையும் தாங்காது. ஊதா முட்டைகோஸின் நிறம் சோடா பட்டால் நீலமாகும், பச்சையாகும். கம்பெனிக்கு மாதக்கணக்கில் அலமாரியில் இருந்து, 180 டிகிரியில் வெந்தாலும் மாறாத நிறம் வேண்டும். அதைத்தான் செயற்கைச் சாயங்கள் தருகின்றன, அதுவும் மிகக் குறைந்த அளவில், குறைந்த விலையில்.

எந்தச் சாயம், எவ்வளவு?

நம் நாட்டு விதிகளில் நெடுங்காலமாக உணவுக்கு அனுமதிக்கப்பட்டு வரும் செயற்கைச் சாயங்கள் எட்டு. மஞ்சளுக்கு டார்ட்ரசின் 102, ஆரஞ்சுக்கு சன்செட் யெல்லோ 110, சிவப்புக்கு கார்மோசின் 122, பான்சோ 4ஆர் 124, எரித்ரோசின் 127, நீலத்துக்கு இண்டிகோ கார்மின் 132, பிரில்லியன்ட் ப்ளூ 133, பச்சைக்கு ஃபாஸ்ட் கிரீன் 143. பொதுவான உச்சவரம்பு, தயாரான உணவு ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராம். சேர்த்திருந்தால் 'அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறம் உள்ளது' என்று எண்ணோடு அச்சிட வேண்டும்.

இன்னொரு அளவும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் வாழ்நாள் முழுக்கத் தினமும் சாப்பிட்டாலும் தீங்கில்லை என்று நிபுணர் குழுக்கள் உடல் எடைக்கு ஏற்ப வகுக்கும் அளவுக்கு 'ஏற்கத்தக்க தினசரி அளவு' என்று பெயர். இதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். உச்சவரம்பு வரை சாயம் போட்ட கேக்கில் 50 கிராம் துண்டு என்றால் 5 மில்லிகிராம் சாயம். குழந்தையின் எடை 15 கிலோ என்று வைத்துக்கொள்வோம். டார்ட்ரசினுக்கு ஐரோப்பியக் குழு வகுத்த அளவு கிலோவுக்கு 7.5 மில்லிகிராம், அந்தக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 112 வரும். 5 எங்கே, 112 எங்கே! ஆனால் எரித்ரோசினுக்கு வகுத்திருப்பது கிலோவுக்கு 0.1 மட்டுமே, அதே குழந்தைக்கு 1.5. உச்சவரம்பு வரை போட்டிருந்தால் ஒரு துண்டிலேயே தாண்டிவிடும். கம்பெனிகள் உச்சவரம்பு வரை போடத்தான் செய்கின்றன என்று நான் சொல்லவில்லை. 'கலர்' என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடைக்க முடியாது என்பதற்காகத்தான் இந்தக் கணக்கு. எரித்ரோசின் அதிக அளவில் ஆண் எலிகளுக்குத் தைராய்டு கட்டியை உண்டாக்கியதைக் காரணமாக வைத்து அமெரிக்கா 2025 ஜனவரியில் உணவில் அதன் அனுமதியை விலக்கிக்கொண்டது.

சாயம் குழந்தைகளின் துறுதுறுப்பைக் கூட்டும் என்ற பேச்சுக்கும் ஓர் அடிப்படை உண்டு. 2007-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வு, ஆறு சாயங்களைக் கலவைகளாகப் பிரித்து, சோடியம் பென்சோயேட் என்ற கெடாமல் காக்கும் பொருளோடு சேர்த்துக் கொடுத்தபோது குழந்தைகள் சிலரிடம் அமைதியின்மை சற்றுக் கூடியதாகச் சொன்னது. எல்லாக் குழந்தைகளிடமும் அல்ல, பெரிய அளவிலும் அல்ல. எந்தச் சாயத்தால் என்றும் அது பிரித்துச் சொல்லவில்லை. இருந்தாலும் ஐரோப்பாவில் 2010 ஜூலை முதல் அந்த ஆறு சாயங்களுக்கு எச்சரிக்கை வாசகம் கட்டாயமானது. அவற்றில் நான்கு, 102, 110, 122, 124, நம் பட்டியலிலும் இருப்பவை. டார்ட்ரசின் சிலருக்குத் தோலில் தடிப்பை உண்டாக்கும் என்பதும் தெரிந்ததே. உங்கள் பிள்ளைக்கு அப்படி வந்தால் அந்த எண்ணைத் தவிர்த்துவிடுங்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

சுருங்கச் சொன்னால், அனுமதிக்கப்பட்ட சாயம் எப்போதோ ஒரு துண்டில் வந்தால் பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினையில்லை. தினமும் மிட்டாய், ஜூஸ், கேக் என்று எல்லா வழியிலும் வந்தால் கூட்டிப் பார்க்க வேண்டும்.

பாக்கெட்டுக்கு வெளியே இருக்கும் ஆபத்து

எனக்கு உண்மையில் கவலை தருவது லேபிள் இல்லாத சாயம். பாக்கெட்டில் 102 என்று பார்த்துப் பயந்து கீழே வைக்கும் அதே வீட்டில் கேசரிப் பவுடர் டப்பா இருக்கும். அதில் பெரும்பாலும் இருப்பதும் 102-ஓ 110-ஓதான், அதை நாம் அளக்காமல் போடுகிறோம். கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்றால் சுத்தமான சாயம் ஒரு சிட்டிகைகூட வராது. கம்பெனிக்குத் தராசு இருக்கிறது, நம்மிடம் கண் அளவுதான்.

அதைவிடப் பெரியது அனுமதியே இல்லாத சாயம். ரோடமைன் பி துணிக்கும் தொழிற்சாலைக்குமான சாயம். பஞ்சு மிட்டாயில் அது இருப்பது பரிசோதனையில் தெரிந்து 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அப்படிப்பட்ட பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டது. உதிரியாகப் பொட்டலம் கட்டி விற்கும் ரோஸ் நிறப் பொடி எது என்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆர்டர் எடுத்துக் கேக் செய்யும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: எண்ணும், எஃப்எஸ்எஸ்ஏஐ என்னும் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண்ணும் அச்சிட்ட, மூடி முத்திரையிட்ட நிறத்தை மட்டும் வாங்குங்கள். வாடிக்கையாளர் கேட்டால் எந்த எண் போட்டீர்கள் என்று சொல்ல முடிய வேண்டும். கேக்கின் மேல் வைக்கும் சிவப்புச் செர்ரி பல நேரம் சாயம் ஏற்றிய களாக்காய், டூட்டி ஃப்ரூட்டி சாயம் ஏற்றிய பப்பாளிக்காய். அவற்றின் பாக்கெட்டையும் இதே மாதிரி திருப்பிப் பாருங்கள்.

நிறம் வேண்டும், சாயம் வேண்டாம் என்றால்

நிறமே இல்லாத மிக்ஸை வாங்கி, நிறத்தை நாமே சேர்க்கலாம். எதை எங்கே சேர்ப்பது என்று தெரிந்தால் போதும். பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரையும், சூட்டையும் ஓரளவு தாங்கும். துருவிய கேரட்டை வெண்ணெயில் மெல்லிய தீயில் வதக்கி வடிகட்டினால் வெண்ணெய் நல்ல ஆரஞ்சு நிறமாகும். அந்த வெண்ணெயை மாவில் சேர்த்தால் வெந்த பிறகும் மஞ்சள் நிற்கும். பீட்ரூட்டை மாவில் போடாமல் மேலே பூசும் க்ரீமில் சேருங்கள். அங்கே அடுப்புச் சூடும் இல்லை, சோடாவும் இல்லை. சாற்றைக் கொதிக்க வைத்துச் சுண்ட வைக்காமல், துருவலை அழுத்திப் பிழிந்த கெட்டிச் சாற்றில் ஒன்றிரண்டு ஸ்பூன், அதில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு. மலைக் குளிரில் க்ரீமும் இறுகி நிற்கும், ரோஸ் நிறமும் மறுநாள்வரை இருக்கும்.